பெயர் மாறும் வரை: திருச்சியில் பழைய கார் விற்பனை

திருச்சிராப்பள்ளியில் பழைய கார் கைமாறும் கடைக்குக் ‘கன்சல்டிங்’ என்று பெயர். பலகையில் ‘ஆட்டோ கன்சல்டிங்’ என்றோ ‘கார் கன்சல்டிங்’ என்றோ எழுதியிருக்கும். மருத்துவருக்கும் வக்கீலுக்கும் பொருந்தும் சொல் கார் தரகுக்கு வந்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைக்காரர் தம்மை வியாபாரி என்று சொல்லிக்கொள்வதில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்ளும் யோசனைக்காரராகவே தம்மைக் காட்டிக்கொள்வார். வண்டி பல வாரம் அவர் கொட்டகையில் நிற்கும். சில நேரம் முழுப் பணத்தையும் அவரே கொடுத்து வாங்கியிருப்பார். ஆனால் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் ஏறியிருக்காது. இந்த ஊரில் பழைய கார் விற்ற கதையில், விலையைவிட அதிகத் தொல்லை கொடுத்தது இந்தப் பெயர் விவகாரம்தான்.

பழையதை விலைபேசும் கலை காருக்கு முன்பே இந்த வட்டாரத்துக்குத் தெரியும். திருச்சிக்குத் தென்மேற்கே மணப்பாறையில் வாரந்தோறும் மாட்டுச் சந்தை கூடுகிறது. மாட்டின் வயதை விற்பவர் சொல்லி யாரும் நம்புவதில்லை; வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார். சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தமிழ்நாட்டுச் சந்தைகளில் தரகர் கையும் வியாபாரி கையும் ஒரு துண்டுக்குள் மறைந்துகொள்ளும். விரலைப் பிடிப்பதிலேயே விலை முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. பின்னால் வந்த கார் தரகு இந்த முறைகள் எல்லாவற்றையும் சுவீகரித்துக்கொண்டது. பல்லின் இடத்தில் கிலோமீட்டர் மீட்டர் வந்தது. சுழியின் இடத்தில் டிங்கரிங் வேலை பார்த்த தடம் வந்தது. நடையின் இடத்தில் ‘ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்’ வந்தது.

சென்னை மாகாணத்தில் மோட்டார் கார் தலைகாட்டியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில். 1903-ல் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றையே கட்டி ஓட்டினார். தென் மாவட்டங்களில் மோட்டாரைப் பரப்பியதில் 1911-ல் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. திருச்சியின் ‘டி.வி.எஸ். டோல்கேட்’ இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. சுங்கம் வாங்கிய வாசல் போய்விட்டது, பெயர் நிற்கிறது. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அதன் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. கார் வைத்திருக்கும் அளவுக்குச் சம்பளம் வாங்கிய அதிகாரிகளும், இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த தொழிலாளர்களும் ஒரே ஊரில் சேர்ந்தார்கள். மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ ஊர் திரும்பும் ஆங்கிலேய அதிகாரிகள் மேசை நாற்காலியோடு காரையும் விற்றுவிட்டுக் கப்பலேறுவது இந்தியா முழுவதும் இருந்த வழக்கம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனபோது கரிவாயு அடுப்பைப் பொருத்திக்கொண்டு வண்டிகள் ஓடின. அந்த அடுப்புகளைச் செய்தவர்களில் டி.வி.எஸ். நிறுவனமும் உண்டு.

சட்டமும் உடன் வந்தது. 1914-ன் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலாக 1939-ல் விரிவான சட்டம் வந்தது. அதன் 31-ஆம் பிரிவு உரிமை மாற்றத்தைப் பற்றியது. விற்றவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவரும் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1989 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள 1988-ன் சட்டத்தில் அதுவே 50-ஆம் பிரிவு ஆனது. எழுத்தில் இரண்டும் தெளிவாகவே இருந்தன. நடைமுறைதான் வேறு வழியில் போனது.

சுதந்திரத்துக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகள் பழைய கார் விற்றவருக்குப் பொற்காலம். கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றது. உள்நாட்டில் கிடைத்தவை மூன்றே வகை: கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959-ல் வந்த மத்திய அரசின் ஆணை ஒன்று கார் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தியது. ஒதுக்கீட்டில் வாங்கி உடனே கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவது அவ்வளவு லாபமாக இருந்தது. திருச்சியிலோ தேவை ஏறிக்கொண்டே போனது. 1960-களின் நடுவில் திருவெறும்பூர்ப் பக்கம் பாரத மிகுமின் நிறுவனமும், அடுத்துத் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தன. பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் பெருகினார்கள். புதுக் காரின் வரிசையில் நிற்க மனமில்லாதவர் பழைய பியட்டுக்குப் புதியதன் விலைக்கு மேலும் கொடுத்தார். இது நம்ப முடியாத பழங்கதை அல்ல. திருச்சியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விமானம் சென்றிறங்கும் கொழும்பில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைபட்டு 2025 பிப்ரவரியில்தான் கார்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே பழைய கார் விலை ஏறியதும் இதே காரணத்தால்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993-ல் கார் உற்பத்திக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே செய்யப்பட்ட சான்ட்ரோ கடைக்கு வந்தபோது, காருக்குக் காத்திருந்த காலம் மறந்தே போயிற்று. புதுக் கார் கடனுக்குக் கிடைக்கத் தொடங்கியதும், ஷோரூம் வாசலைத் தாண்டிய மறுநாளே கார் விலை இறங்கும் என்ற உலக வழக்கம் திருச்சிக்கும் வந்தது. பழைய கார் மலிந்தது. அதை விற்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். கன்சல்டிங் கடைகளின் பெருக்கம் இந்தக் காலத்தது. தில்லை நகர், கரூர் பைபாஸ் பக்கங்களிலும் புறவழிச் சாலைகளிலும் தகரக் கொட்டகையும் விளக்கு வரிசையுமாக அவை எழுந்தன.

அந்தக் கடைகளுக்கென்று ஒரு பரிபாஷை உண்டு. ‘சிங்கிள் ஓனர்’ என்றால் விலை ஏறும். ‘டாக்டர் வண்டி’ என்றால் இன்னும் ஏறும். திருச்சியில் எத்தனை டாக்டர்கள் இருந்தால் இத்தனை டாக்டர் வண்டிகள் இருக்கும் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. ‘ஒரிஜினல் பெயின்ட்’ என்றால் விபத்து இல்லை என்று பொருள். ‘டச்சப்’ என்றால் சிறிய உரசல். ‘பில்லர் அடி’, அதாவது கூரையைத் தாங்கும் தூணே அடிபட்டது என்றால் ஓடிவிட வேண்டும். ‘மீட்டர் திருப்புதல்’ என்பது ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டுவது. முள் மீட்டர் காலத்தில் திருப்புளியால் செய்த வேலையை எண் மீட்டர் காலத்தில் லேப்டாப் செய்தது. வாங்குபவர் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருப்பார். பானட்டைத் திறந்து, ஆயில் கேஜை உருவி விரலில் தேய்த்துப் பார்த்து, சைலன்சர் புகையைக் கவனித்துத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கும் சில நேரம் ஒரு கமிஷன் இருந்தது.

இந்தச் சந்தையைப் பொருளியல் பாடமாக்கியவர் அமெரிக்கரான ஜார்ஜ் அக்கர்லாஃப். 1967-68-ல் டில்லியில் தங்கி ஆய்வு செய்த அவர், 1970-ல் வெளியிட்ட கட்டுரையில் பழைய காரை எடுத்துக்காட்டாக வைத்தார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டியும் சுமாரானதே என்று எண்ணிச் சுமாரான விலையே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றி விலகுவார். சந்தையில் மோசமானவையே மிஞ்சும். மூன்று இதழ்கள் திருப்பியனுப்பிய அந்தக் கட்டுரை அவருக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. அமெரிக்கப் பேச்சில் ஏமாற்றும் பழைய காருக்கு எலுமிச்சை என்று பெயர்; கட்டுரைத் தலைப்பிலும் அந்தச் சொல் உண்டு. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டி எடுக்கும் ஊரில் இது வேடிக்கையாகத்தான் ஒலிக்கும். ஆனால் விஷயம் மணப்பாறை வியாபாரிக்கு நன்றாகவே புரியும்: பல்லைப் பார்க்க முடியாத மாட்டுக்கு யாரும் நல்ல விலை கொடுப்பதில்லை.

தரகர் இந்த அறியாமையின் நடுவில் நின்று பிழைத்தார். அதில் குற்றம் காண்பதற்கு அதிகமில்லை. குற்றம் இருந்தது ‘ஓப்பன் ஃபார்ம்’ என்ற வழக்கத்தில். உரிமை மாற்றத்துக்கு விற்றவர் தரும் அறிவிப்பு 29-ஆம் படிவம். மாற்றிப் பதியக் கோரும் விண்ணப்பம் 30-ஆம் படிவம். இந்த இரண்டிலும் வாங்குபவர் பெயரை எழுதாமல், தேதியும் இல்லாமல், விற்பவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வதே ஓப்பன் ஃபார்ம். தரகர் தம் பெயருக்கு மாற்றிப் பிறகு இன்னொருவருக்கு மாற்றினால் கட்டணம் இரண்டு முறை ஆகும், ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், விலை இறங்கும். காலிப் படிவத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. திருச்சியில் விற்ற கார் புதுக்கோட்டைக்கும் அங்கிருந்து ராமநாதபுரத்துக்கும் போய்க்கொண்டிருக்கும், ஆர்.சி.யில் ஸ்ரீரங்கத்து ஓய்வூதியர் பெயரே நிற்கும்.

அதன் விளைவு என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மற்றொருவருக்கு எனப் பல கை மாறியிருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. 2009-ல் அது விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். நட்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்றது தீர்ப்பு. விபத்தில் அடிபட்டவர் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் நியாயம். காரை விற்றுப் பல ஆண்டு ஆனவருக்கு அது பெரிய அதிர்ச்சி.

தரகர் இல்லாமல் விற்க நினைத்தவருக்கு முதலில் இருந்த வழி நாளிதழின் வரி விளம்பரம். ‘மாருதி 800, 1996, நல்ல கண்டிஷன், இன்சூரன்ஸ் கரண்ட்’ என்று சொல்லுக்குக் காசு கொடுத்துச் சுருக்கி எழுத வேண்டும். 2001-ல் மாருதி நிறுவனமே ‘ட்ரூ வேல்யூ’ என்ற பெயரில் பழைய கார் வியாபாரத்தில் இறங்கியது. பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் எக்சேஞ்ச் முறை அதனால் பரவியது. பிறகு ஓ.எல்.எக்ஸ். வந்தது. வரி விளம்பரத்தில் இல்லாத படமும், கைபேசியிலேயே பேரமும் அதில் கிடைத்தன. ஆனால் அது அறிவிப்புப் பலகைதானே தவிர வாங்குபவர் அல்ல. பாதி விலைக்குக் கேட்பவர், ‘லாஸ்ட் ப்ரைஸ் என்ன?’ என்று மட்டும் கேட்டுவிட்டு மறைபவர், தம்மை வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொண்டு வரும் தரகர் என எல்லோரையும் விற்பவர் தனியாகச் சமாளிக்க வேண்டியிருந்தது.

நிறுவனமே வாங்கிக்கொள்ளும் முறை வெளிநாட்டில் பிறந்தது. வண்டி எண்ணை இணையத்தில் இட்டால் உடனே ஒரு விலை சொல்லும் ‘வீ பை எனி கார்’ 2006-ல் பிரிட்டனில் தொடங்கியது. 2012-ல் பெர்லினில் தொடங்கிய ‘ஆட்டோ1’ குழுமம், பொதுமக்களிடம் வாங்கிய கார்களை வியாபாரிகளுக்கு இணையத்தில் விற்றது. இந்தியாவில் 2015-ல் குருகிராம் பகுதியிலிருந்து ‘கார்ஸ்24’, ‘ஸ்பின்னி’ இரண்டும் கிளம்பின. பெருநகரங்களில் கால் ஊன்றிய பிறகே இத்தகைய சேவைகள் திருச்சி போன்ற நகரங்களின் பக்கம் பார்வையைத் திருப்பின.

இவை செய்யும் வேலை அடிப்படையில் இதுதான். உரிமையாளர் வண்டி எண், மாடல், ஆண்டு, ஓடிய தூரம் ஆகியவற்றைத் தருகிறார். ஒரு தோராய விலை திரையில் வருகிறது. பிறகு சோதகர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். பெயின்ட் கனத்தை அளக்கும் சிறு கருவியை ஒவ்வொரு கதவிலும் வைக்கிறார். மறுபூச்சு பார்த்த இடத்தில் எண் கூடும். காரின் கணினியோடு ஸ்கேனரை இணைத்துப் பிழைக் குறிகளைப் படிக்கிறார். டயர் தேய்மானம், எஞ்சின் ஓசை, சீட்டு, ஏ.சி. என ஒவ்வொன்றையும் படமெடுத்து ஏற்றுகிறார். பல சேவைகளில் அந்த அறிக்கை பல ஊர் வியாபாரிகளின் கைபேசிக்குப் போய், சிறிது நேரமே நீடிக்கும் ஏலம் நடக்கிறது. ஒருவர் கேட்ட விலை இன்னொருவருக்குத் தெரிந்தாலும், விற்பவருக்குக் கடைசி எண் மட்டுமே காட்டப்படுவதுண்டு. துண்டுக்குள் விரல் பிடித்தவர்கள் இதைப் பார்த்தால் பழைய பழக்கம் என்றே சொல்வார்கள். திரையில் முதலில் தெரிந்த தொகைக்கும் சோதனைக்குப் பின் வரும் தொகைக்கும் உள்ள இடைவெளிதான் இந்த முறையில் அதிகம் முணுமுணுக்கப்படுவது. முதல் எண் விலையல்ல, அழைப்பு.

ஸ்ரீரங்கத்தில் இந்தச் சேவைக்கு ஏற்ற விற்பவர்கள் தாமாகவே உருவாகியிருக்கிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உறைபோட்டு நிற்கும் சிறிய கார். மாதத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்கும் ஒருமுறை சமயபுரத்துக்கும் மட்டும் போய்வந்த வண்டி. முட்டி வலியால் கிளட்ச் மிதிக்க முடியாத உரிமையாளர். உத்திர வீதியும் சித்திரை வீதியும் காருக்காக அமைந்தவை அல்ல. ஆங்கிலேயர் எழுத்தில் ‘கார்’ என்றால் இங்கே தேர்தான். சித்திரைத் தேர் புறப்படும் நாளில் மற்றக் கார்களுக்கு அந்த வீதியில் வேலையில்லை. முன்பின் தெரியாதவர்கள் வந்து பேரம் பேசுவதை விரும்பாத முதியவருக்கு, வீட்டு வாசலில் சோதனை, வங்கிக் கணக்கில் பணம் என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் பழைய மரபுகள் ஏலத்தையும் கொஞ்சம் காக்கவைக்கின்றன. ஆடியில் வண்டி வாங்குபவர் குறைவு. வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளியே அனுப்பப் பலர் சம்மதிப்பதில்லை. அஷ்டமி நவமியில் சாவி கைமாறாது. டாஷ்போர்டில் இருந்த ரங்கநாதர் படத்தைக் கழற்றி உள்ளே வைத்த பிறகே வண்டி கிளம்பும்.

குறைவாக ஓடிய வண்டி என்பதால் மட்டும் விலை வந்துவிடுவதில்லை. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக உயர்ந்தது. பதினாலாவது ஆண்டில் விற்பவருக்கும் பதினாறாவது ஆண்டில் விற்பவருக்கும் கிடைக்கும் தொகை வெகுவாக வேறுபடுவது இதனால்தான். டில்லி வட்டாரத்தில் டீசல் கார் 10 ஆண்டுக்கு மேலும் பெட்ரோல் கார் 15 ஆண்டுக்கு மேலும் ஓடக் கூடாது என்று தடை வந்தபின், அங்கே மலிந்த வண்டிகள் ஆட்சேபமின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்கிக்கொண்டு தெற்கே வந்தன. அதனால் டி.என். 45, டி.என். 48 என்று தொடக்கத்திலிருந்தே திருச்சி, ஸ்ரீரங்கம் பதிவில் இருந்த வண்டிக்குத் தனி மதிப்பு. தயாரிப்பாளர் கடையைக் கட்டினாலும் விலை சரியும்: 2017-ல் செவர்லே விற்பனை நின்றபோதும், 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோதும் அந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் இதை உணர்ந்தார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு சீட்டுக்கு அடியில் சேறு தேடுவதும் சோதனையில் ஓர் அங்கமாயிற்று.

பெயர் விவகாரத்துக்கு அரசு வழி கண்டது 2022 டிசம்பரில். மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. பதிவான வண்டிகளை வாங்கி விற்பவர் அதற்கான அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும். வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளரும் வியாபாரியும் 29சி படிவத்தில் இணையவழி பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தால், அது முதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டி அவர் கையில் இருக்கும்போது நேர்வதற்கு அவரே பொறுப்பு. சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே அதை ஓட்டலாம். ஒவ்வொரு பயணத்தையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ‘கன்சல்டிங்’ என்ற சொல் தந்த மறைப்பு இதோடு சட்டப்படி முடிந்தது. கடைப் பலகைகளில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. வரியும் வியாபாரியின் லாபத்தைத்தான் தொடுகிறது: 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், பதிவுபெற்ற வியாபாரி பழைய வண்டியில் பெறும் லாபத்துக்கு ஒரே சீராக 18 சதவீதம் என்று முடிவு செய்தது. தம் காரைத் தாமே விற்கும் தனியாளுக்கு அந்த வரி இல்லை.

விற்பவர் கையில் மீதியிருப்பவை சில காகிதங்களும் சில நினைவுகளும். கடன் முடிந்திருந்தால் 35-ஆம் படிவத்தால் ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. என்ற கடன் குறிப்பை நீக்க வேண்டும். காப்பீட்டில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் காரோடு போவதில்லை. கேட்டு வாங்கினால் அடுத்த காருக்குப் பயன்படும். ஃபாஸ்டேகை மூட மறந்தவருக்கு, தாம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது சமயபுரம் சுங்கச்சாவடியில் பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வரும்; கேமரா பிடித்த அபராதமும் வரக்கூடும். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணை இட்டுப் பார்க்கலாம். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளே தெரியும், மற்றவை நட்சத்திரக் குறிகளால் மறைந்திருக்கும். அங்கே இருப்பது தன் பெயர் இல்லை என்று அறிய விற்றவருக்கு அந்தச் சில எழுத்துகள் போதும்.